நாலு பேர் என்ன சொல்வார்கள்?

தமிழ் வீடுகளில் எந்த விவாதத்தையும் முடித்துவைக்க ஒரு வாக்கியம் போதும். "நாலு பேர் என்ன சொல்வாங்க?" அந்த நாலு பேர் யார் என்று யாரும் கேட்பதில்லை. அவர்களுக்குப் பெயர் கிடையாது, விலாசம் கிடையாது. ஆனால் மகளின் படிப்பு, மகனின் வேலை, கல்யாணப் பத்திரிகையின் தாள், வாசல் கேட்டுக்கு அடிக்கும் பெயின்ட்டின் நிறம் வரை எல்லாவற்றிலும் அவர்களுக்கு ஓட்டுரிமை உண்டு. இவர்கள் தமிழர்களுக்கு மட்டும் வாய்த்த சொந்தக்காரர்களும் அல்ல. இந்தி பேசும் வீட்டில் இவர்கள் 'சார் லோக்'. தெலுங்கு வீட்டில் 'நலுகுரு'. மொழி மாறினாலும் எண்ணிக்கை மட்டும் மாறவில்லை.

எண்ணிக்கை விஷயத்தில் நம் முன்னோர்கள் குத்துமதிப்பாகச் சொன்னது கிட்டத்தட்ட சரி என்று நிரூபித்தவர் ஓர் அமெரிக்கப் பேராசிரியர். பெயர் சாலமன் ஆஷ். போலந்தில் பிறந்து, சிறுவனாக நியூயார்க்குக்குக் குடியேறியவர். ஸ்வார்த்மோர் கல்லூரியில் மனோதத்துவம் கற்பித்துக்கொண்டிருந்த அவர், 1950களில் நடத்திய சோதனை ஒன்று இன்றும் பாடப் புத்தகங்களில் நீங்காத இடம் பெற்றிருக்கிறது.

சோதனை மிகவும் எளிமையானது. ஓர் அறையில் ஏழெட்டு கல்லூரி மாணவர்கள். அவர்களிடம் இரண்டு அட்டைகள் காட்டப்படும். ஒன்றில் ஒரு கோடு. மற்றதில் மூன்று கோடுகள். முதல் அட்டையின் கோட்டுக்குச் சமமான நீளமுள்ள கோடு இந்த மூன்றில் எது என்று ஒவ்வொருவரும் வரிசையாக உரக்கச் சொல்ல வேண்டும். தனியாக உட்காரவைத்துக் கேட்டால் நூற்றில் ஒரு பதில்கூடத் தப்பாக வராது. அவ்வளவு சுலபம். ஆனால் அறையில் இருப்பவர்களில் ஒரே ஒருவர்தான் நிஜமான பரிசோதனை நபர். மற்றவர்கள் எல்லாம் ஆஷ் ஏற்கெனவே பேசிவைத்த ஆட்கள். முதல் ஒன்றிரண்டு சுற்றுகளில் சரியாகச் சொல்லும் அவர்கள், பிறகு ஒரே குரலில் தப்பான கோட்டைக் காட்டுவார்கள். கிட்டத்தட்டக் கடைசியாக வாய் திறக்க வேண்டிய அந்த அப்பாவி மாணவர் என்ன செய்வார்?

தன் கண்ணை நம்புவதா, சுற்றியிருப்பவர்களை நம்புவதா என்று தவித்தவர்களில் முக்கால்வாசிப் பேர் ஒரு தடவையாவது கூட்டத்தோடு சேர்ந்து தப்பான பதிலைச் சொன்னார்கள். மொத்தப் பதில்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் சற்று மேலானவை இப்படித் தப்பாகிப்போயின. கோடுகளுக்கு இடையே ஏழு அங்குல வித்தியாசம் இருந்தபோதுகூடச் சிலர் பணிந்துபோனார்கள். கால்வாசிப் பேர் மட்டும் கடைசிவரை அசையவில்லை.

எதிரணியில் எத்தனை பேர் இருந்தால் ஒருவரை அசைக்க முடியும் என்றும் ஆஷ் கணக்குப் பார்த்தார். ஒருவர் மட்டும் மறுத்தால் பாதிப்பு ஏறக்குறைய இல்லை. இருவர் என்றால் கொஞ்சம் உண்டு. மூன்று பேர் சேர்ந்துவிட்டால் முழு வலுவும் வந்துவிடுகிறது. அதற்கு மேல் ஆட்களைச் சேர்த்தாலும் பெரிய மாற்றமில்லை. மூன்று பேர் போதும் என்றது விஞ்ஞானம். நம் ஊர்ப் பாட்டிகள் பாதுகாப்புக்காக ஒன்றைக் கூட்டிச் சொல்லியிருக்கிறார்கள்.

இந்தச் சோதனையைக் கூட்டத்துக்குப் பயப்படும் கோழைகளின் கதையாகச் சொல்வது வழக்கம். ஆஷை உண்மையில் சங்கடப்படுத்தியது வேறு. சோதனை முடிந்த பிறகு அவர் ஒவ்வொருவரிடமும் பேசினார். பணிந்துபோனவர்களில் சிலர், பெரும்பான்மை சொல்வதுதான் சரியாக இருக்கும் என்று நினைத்ததாகச் சொன்னார்கள். சிலர், பேராசிரியரின் சோதனையைக் கெடுக்க விரும்பவில்லை என்றார்கள். இன்னும் சிலர் சொன்னதுதான் கவலைக்குரியது. மற்றவர்களிடமிருந்து தாங்கள் வேறுபட்ட அந்தக் கணத்தில், தங்களிடமே ஏதோ அடிப்படைக் கோளாறு இருக்கிறது என்று அவர்கள் முடிவு கட்டிவிட்டார்கள். அந்தக் கோளாறு வெளியே தெரிந்துவிடக் கூடாது என்பதற்காகவே கூட்டத்தோடு ஒட்டிக்கொண்டார்கள். ஒரு கோட்டின் நீளம் பற்றிய கருத்து வேறுபாடு, சில நிமிடங்களில், தன்னைப் பற்றிய சந்தேகமாக மாறிவிட்டது.

அனுசரித்துப் போவதற்கும் தன்மதிப்புக்கும் உள்ள தொடர்பு இங்கேதான் பிடிபடுகிறது. தன்மதிப்பு குறைந்தவர்கள் கூட்டத்தைப் பின்பற்றுகிறார்கள் என்பது பாதி உண்மை. கூட்டத்திலிருந்து விலகி நிற்கும் நிலையே தன்மதிப்பைக் குறைத்துவிடக்கூடும் என்பது மறுபாதி. கடைசிவரை உறுதியாக நின்றவர்களும் சந்தேகமே வராத வீரர்கள் அல்ல. அவர்களில் பலருக்கும் சந்தேகம் வந்தது. அதிலிருந்து மீண்டுவரும் சக்திதான் அவர்களுக்கு இருந்தது.

கோடுகளை அளப்பது அமெரிக்கக் கல்லூரி அறையின் விளையாட்டு. அதே விளையாட்டைப் பிள்ளைகளின் வாழ்க்கையை வைத்து ஒரு நகரமே ஆடினால் எப்படி இருக்கும் என்று பார்க்க விரும்புகிறவர்கள் ராஜஸ்தானில் உள்ள கோட்டாவுக்குப் போகலாம்.

சம்பல் நதிக்கரையில் உள்ள இந்த ஊர் ஒரு காலத்தில் தொழில் நகரம். ஜே.கே. சிந்தெடிக்ஸ் தொழிற்சாலைதான் ஊரின் அடையாளம். அங்கே பொறியாளராக இருந்த வி.கே. பன்சல் என்பவரைத் தசைகளை நலிவடையச் செய்யும் நோய் தாக்கியது. 1980களில் அவர் வீட்டிலேயே பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார். அவரிடம் படித்தவர்கள் ஐ.ஐ.டி. நுழைவுத் தேர்வில் வரிசையாகத் தேறினார்கள். 1991-ல் 'பன்சல் கிளாஸஸ்' உருவாயிற்று. 1990களின் பிற்பகுதியில் தொழிற்சாலை மூடப்பட்டபோது, ஊரைத் தாங்கிப்பிடிக்கப் புதிய தொழில் தயாராக இருந்தது. சக்கர நாற்காலியில் அமர்ந்து பாடம் நடத்திய பன்சல் 2021-ல் கொரோனாவுக்குப் பலியானார். அதற்குள் கோட்டா, ஆண்டுக்கு இரண்டு லட்சம் மாணவர்கள் வந்து தங்கும் நகரமாகியிருந்தது. 2024-க்குப் பிறகு அந்த எண்ணிக்கை கணிசமாகக் குறைந்திருக்கிறது. ஆனால் கோட்டா என்பது இப்போது ஓர் ஊரின் பெயர் மட்டும் இல்லை. ஹைதராபாத், விஜயவாடா, டில்லி, நாமக்கல் என்று அதன் கிளைகள் வேறு பெயர்களில் எங்கும் உண்டு.

அங்கே பிள்ளைகளை அனுப்பும்படி எந்த அரசாங்கமும் உத்தரவு போடவில்லை. பெரும்பாலான பெற்றோர் பிள்ளையை அடித்து அனுப்புவதும் இல்லை. பல வீடுகளில் பிள்ளையே ஆசையோடு கிளம்புகிறான். பின் எப்படி லட்சக்கணக்கான வீடுகள் ஒரே முடிவுக்கு வருகின்றன? மூன்று பேர் போதும் என்ற ஆஷின் கணக்கை நினைத்துக்கொண்டால் புரியும். அலுவலகத்தில் பக்கத்து நாற்காலிக்காரரின் மகன் சேர்ந்துவிட்டான். கல்யாண வீட்டில் மைத்துனர், "இன்னுமா சேர்க்கலை?" என்று கேட்டுவிட்டார். எதிர் ஃபிளாட் பெண் பத்தாவது பரீட்சை முடிந்த மறு வாரமே பெட்டியைக் கட்டிவிட்டாள். இதற்குப் பிறகு, "என் பிள்ளைக்குச் சரித்திரம் பிடிக்கும்" என்று சொல்ல நினைக்கும் தகப்பனுக்கு, அந்தச் சோதனை அறை மாணவருக்கு ஏற்பட்ட அதே கூச்சம் வருகிறது. ஒருவேளை நமக்குத்தான் விவரம் போதவில்லையோ?

அடுத்து ஊரில் ஏதோ ஒரு பள்ளியில் பெயரை மட்டும் பதிவுசெய்து வைக்கும் 'டம்மி ஸ்கூல்' ஏற்பாடு. வருஷத்துக்கு லட்ச ரூபாய்க்குக் குறையாத கட்டணம். ஹாஸ்டல். டிபன் கேரியரில் வரும் சாப்பாடு. சுவரெங்கும் சென்ற வருஷம் முதலிடம் பிடித்தவர்களின் முகங்கள். இவ்வளவுக்கும் பிறகு கிடைப்பது என்ன? 2024-ல் ஜே.இ.இ. மெயின் தேர்வை எழுதியவர்கள் சுமார் 14 லட்சம் பேர். 23 ஐ.ஐ.டி.களில் அந்த வருஷம் இருந்த இடங்கள் 17,740. ஏறக்குறைய எண்பது பேருக்கு ஓர் இடம். என்.ஐ.டி. போன்ற மற்றக் கல்லூரிகளும் அதே தேர்வில் ஆட்களை எடுக்கின்றன என்பது உண்மைதான். ஆனால் விளம்பரப் பலகையில் சிரிக்கும் முகங்களை அண்ணாந்து பார்த்துக்கொண்டு கோட்டாவின் தெருவில் நடக்கும் பதினாறு வயதுப் பையனுக்கு அந்த ஆறுதல் பெரிதாகக் கேட்பதில்லை.

வில்லியம் ஜேம்ஸ் 1890-ல் தன் மனோதத்துவ நூலில் தன்மதிப்புக்கு ஒரு வகுத்தல் கணக்கைக் கொடுத்தார். மேலே, அடைந்த வெற்றி. கீழே, அடைய வேண்டும் என்று வரித்துக்கொண்ட லட்சியம். மேலே உள்ளதைக் கீழே உள்ளதால் வகுத்தால் கிடைப்பதே தன்மதிப்பு. உலகத்திலேயே இரண்டாவது பெரிய குத்துச்சண்டை வீரன், முதல்வனாக இல்லையே என்று வெட்கித் தலைகுனிகிறான். சண்டையே போடத் தெரியாத ஒரு நோஞ்சான், அந்த விஷயத்தில் எந்த ஆசையும் வைத்துக்கொள்ளாததால், நிம்மதியாகத் தெருவில் நடக்கிறான். தன்மதிப்பைக் கூட்ட இரண்டு வழி உண்டு. மேலே உள்ள எண்ணைப் பெருக்கலாம். அல்லது கீழே உள்ளதைக் குறைக்கலாம். சில ஆசைகளை விட்டுவிடுவது, அவை நிறைவேறுவதைப் போலவே நிம்மதி தரும் என்றார் ஜேம்ஸ்.

கீழே உள்ள எண்ணை யார் எழுதுவது என்பதுதான் நம் ஊர்ப் பிரச்சினை. ஜேம்ஸின் கணக்கில் மனிதன் தன் லட்சியத்தைத் தானே தேர்ந்தெடுக்கிறான். கோட்டாவுக்குப் பெட்டியோடு வந்து இறங்கும் மாணவனின் கணக்கில் அந்த எண்ணை நாலு பேர் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அதைக் குறைக்கும் அதிகாரம் அவனுக்குக் கிடையாது. மேலே உள்ள எண்ணோ அவன் கையில் மட்டும் இல்லை. தேர்வு எழுதும் மற்ற 14 லட்சம் பேரின் கையிலும் இருக்கிறது.

இதோடு இன்னொரு சிக்கலும் சேர்கிறது. ஆஸ்திரேலியாவில் பணியாற்றிய ஹெர்பர்ட் மார்ஷ் 1984-ல் விவரித்த விஷயம் இது. சிறிய குளத்தில் பெரிய மீனாக இருந்தவன், பெரிய குளத்துக்குப் போனதும் சிறிய மீனாகிறான். அவன் அறிவு குறையவில்லை. பக்கத்தில் நீந்தும் மீன்கள்தான் மாறிவிட்டன. ஆனால் அவன் தன்னைப் பற்றி வைத்திருந்த அபிப்பிராயம் சரிந்துவிடுகிறது. பின்னால் 26 நாடுகளைச் சேர்ந்த, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட 15 வயது மாணவர்களிடம் கிடைத்த விவரங்களை ஆராய்ந்தபோதும் இதே போக்குதான் தென்பட்டது. ஒரே திறமையுள்ள இரண்டு மாணவர்களில், கெட்டிக்காரர்கள் நிறைந்த பள்ளியில் படிப்பவர் தன் திறமையைக் குறைவாக மதிப்பிட்டார்.

சிவான், சத்தர்பூர் போன்ற ஊர்களின் பள்ளிகளில் பத்து வருஷம் முதல் மார்க் வாங்கியவன் கோட்டாவில் வந்து இறங்குகிறான். அவன் வகுப்பறையில் இருப்பவர்கள் எல்லோருமே ஏதோ ஒரு பள்ளியில் முதல் மார்க் வாங்கியவர்கள். முதல் உள்தேர்வில் அவன் இடம் எழுநூற்றுப் பன்னிரண்டு என்று வருகிறது. கெட்டிக்காரர்களுக்கு ஒரு பிரிவு, சுமாரானவர்களுக்கு ஒரு பிரிவு என்று பயிற்சி நிலையங்கள் பிரித்துவைக்கும் பழக்கமும் சேர்ந்துகொண்டால், எந்த அறையில் உட்கார்ந்திருக்கிறான் என்பதே அவன் விலை என்ன என்று ஊருக்கு அறிவித்துவிடும்.

அமெரிக்க மனோதத்துவ நிபுணர் ஜெனிஃபர் க்ராக்கரும் அவர் சகாவும் 2001-ல் ஒரு கேள்வியை முன்வைத்தார்கள். ஒருவருக்குத் தன்மதிப்பு எவ்வளவு இருக்கிறது என்பதைவிட, எதன்மேல் நிற்கிறது என்று கேட்பதே பயனுள்ளது என்றார்கள். சிலருக்குப் படிப்பு, சிலருக்கு அழகு, சிலருக்குக் குடும்பத்தின் அன்பு, சிலருக்குக் கடவுள் பக்தி, சிலருக்கு மற்றவர்களின் பாராட்டு. பல தூண்களில் நிற்கும் வீடு, ஒன்று விழுந்தாலும் நிற்கும். ஒரே தூணில் நிற்பதற்கு அந்த வசதி இல்லை. பதினாறு வயதில் கிரிக்கெட், பாட்டு, சிநேகிதர்கள், அம்மாவின் சமையல், தெருவில் கிடைத்துவந்த மரியாதை என்று எல்லாவற்றையும் இரண்டு வருஷத்துக்கு மூட்டை கட்டிவைத்துவிட்டு ஓர் எண்ணை மட்டும் நம்பி வாழச் சொல்வது, மற்றத் தூண்களை நாமே இடித்துவைப்பதற்குச் சமம்.

அதன் விலையைச் செய்தித்தாள்கள் அவ்வப்போது சொல்லிவருகின்றன. 2023-ல் கோட்டாவில் மட்டும் இருபதுக்கும் மேற்பட்ட மாணவர்கள் தங்கள் உயிரை மாய்த்துக்கொண்டார்கள். நாடு முழுவதும் 2022-ல் தற்கொலை செய்துகொண்ட மாணவர்கள் 13,000-க்கும் மேல் என்கிறது தேசியக் குற்ற ஆவணப் பதிவகம். ஒவ்வொரு மரணத்துக்கும் பின்னால் பல காரணங்கள் இருக்கும். எல்லாவற்றையும் பரீட்சையின் தலையில் சுமத்துவது தவறு. மதிப்பெண்ணோடு தன் மொத்த மதிப்பையும் முடிச்சுப் போட்டுக்கொண்ட பிள்ளைகள் அந்தக் கணக்கில் இருக்கிறார்கள் என்பதையும் மறுக்க முடியாது.

அரசாங்கம் சும்மா இருக்கவில்லை. 16 வயதுக்குக் குறைந்தவர்களைப் பயிற்சி நிலையங்கள் சேர்க்கக் கூடாது, உள்தேர்வு முடிவுகளைப் பகிரங்கப்படுத்தக் கூடாது என்று மத்திய கல்வி அமைச்சகம் 2024 ஜனவரியில் வழிகாட்டுதல்களை வெளியிட்டது. விசாகப்பட்டினத்தில் 'நீட்' தேர்வுக்குத் தயாராகிக்கொண்டிருந்த மாணவி ஒருவரின் மரணம் தொடர்பான வழக்கில், 2025 ஜூலையில் சுப்ரீம் கோர்ட் இன்னும் ஒரு படி மேலே போயிற்று. மதிப்பெண்ணை வைத்து மாணவர்களைத் தனித்தனிப் பிரிவுகளாகப் பிரிப்பதையும், பலர் முன்னிலையில் அவமானப்படுத்துவதையும் பயிற்சி நிலையங்கள் தவிர்க்க வேண்டும் என்றது. உத்தரவுகள் நல்லவைதான். பயிற்சி நிலையத்தின் சுவரில் ஒட்டும் பட்டியலை இவற்றால் தடுக்க முடியும். கல்யாண வீட்டில் கேட்கப்படும் கேள்வியை எந்தக் கோர்ட்டும் தடுக்க முடியாது.

அப்படியானால் தீர்வு, பிள்ளைகளுக்குத் தனித்துவத்தைக் கற்றுக்கொடுப்பதா? இந்த இடத்தில்தான் பல புத்திமதிகள் வழுக்கி விழுகின்றன.

கலிஃபோர்னியா மாநில அரசு 1986-ல் தன்மதிப்பை வளர்ப்பதற்கென்றே ஒரு குழுவை அமைத்தது. 1990-ல் வெளிவந்த அதன் அறிக்கை, குற்றம், போதைப்பழக்கம், படிப்பில் தோல்வி என்று எல்லாச் சமூக நோய்களுக்கும் தன்மதிப்பு ஒரு தடுப்பூசி போல உதவும் என்று நம்பிக்கை தெரிவித்தது. பள்ளிகளில் 'நான் தனித்துவமானவன்' என்று குழந்தைகளைச் சொல்லவைத்தார்கள். பல ஆண்டுகள் கழித்து, 2003-ல், ராய் பாமைஸ்டர் தலைமையில் நான்கு நிபுணர்கள் கிடைத்த ஆய்வுகளையெல்லாம் அலசிப் பார்த்தார்கள். தன்மதிப்பு அதிகமாக இருப்பவர்கள் சந்தோஷமாக இருக்கிறார்கள் என்பது உண்மை. ஆனால் தன்மதிப்பை ஏற்றிவிட்டால் மதிப்பெண் ஏறும் என்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. நன்றாகப் படிப்பதால்தான் ஓரளவு தன்மதிப்பு வருகிறது, அதனால் இது வருவதில்லை என்று முடிவு சொன்னார்கள்.

நம் ஊரிலும் தனித்துவம் நல்ல விலைக்குப் போகும் சரக்குதான். 2009-ல் வந்த 'த்ரீ இடியட்ஸ்' இந்திப் படமும், 2012-ல் தமிழில் அதே கதையாக வந்த 'நண்பன்' படமும், மனசுக்குப் பிடித்ததைச் செய் என்று உபதேசித்தன. தியேட்டரில் கைதட்டிவிட்டு வெளியே வந்தவர்கள் மறுநாள் காலை பயிற்சி நிலையத்தில் விண்ணப்பம் வாங்க வரிசையில் நின்றார்கள். போதாக்குறைக்கு, 'உனக்கு எதில் தனித் திறமை?' என்ற கேள்வி இன்னொரு பரீட்சையாகிவிட்டது. கிடார் வாசிக்கத் தெரியாத, படம் வரைய வராத, எதிலும் தனியான வெறி இல்லாத சாதாரணப் பிள்ளைக்கு இப்போது இரட்டைத் தோல்வி. எல்லோரையும் போல இருக்கவும் முடியவில்லை, வித்தியாசமாக இருக்கவும் தெரியவில்லை. வித்தியாசமாக இருந்தே தீர வேண்டும் என்பதும் நாலு பேரின் கட்டளைதான். என்ன, இந்த நாலு பேர் கொஞ்சம் நவநாகரிகமாக உடுத்தியிருக்கிறார்கள்.

அனுசரித்துப் போவது எப்போதும் அடிமைத்தனம் என்பதும் சரியல்ல. ஆஷின் சோதனை 17 நாடுகளில் நடந்திருக்கிறது. அந்த 133 ஆய்வுகளை 1996-ல் தொகுத்துப் பார்த்த இரண்டு பிரிட்டிஷ் நிபுணர்கள், குடும்பத்துக்கும் சமூகத்துக்கும் முக்கியத்துவம் தரும் நாடுகளில் இணங்கிப் போவது கூடுதல் என்று கண்டார்கள். மேற்கத்தியப் பார்வையில் இது பலவீனமாகத் தெரியலாம். இந்தியர்களையும் அமெரிக்கர்களையும் ஒப்பிட்டு ஜோன் மில்லரும் சகாக்களும் 2011-ல் வெளியிட்ட ஆய்வு வேறு மாதிரி சொல்கிறது. கடமை என்ற எதிர்பார்ப்பு கூடக்கூட, தானாக விரும்பிச் செய்கிறோம் என்ற உணர்வு அமெரிக்கர்களுக்குக் குறைந்தது. இந்தியர்களுக்கு அப்படிக் குறையவில்லை. கடமையும் விருப்பமும் அவர்களுக்கு எதிரிகளாக இல்லை. அப்பாவின் சந்தோஷத்துக்காகப் படிக்கும் பிள்ளையை முதுகெலும்பு இல்லாதவன் என்று ஒதுக்கிவிட முடியாது. அப்பாவின் சந்தோஷமும் அவன் தன்மதிப்பின் ஒரு தூண்.

இன்னும் ஒரு விஷயம். ஒரே வரிசையில் நிற்கும் எல்லோரும் ஒரே காரணத்துக்காக நிற்பதில்லை. அப்பாவும் தாத்தாவும் பொறியாளர்களாக இருந்த வீட்டுப் பையன் கோட்டாவுக்குப் போவது ஊரோடு ஒத்துப்போவது. பதினேழு வயதில் பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்துவிடும் கிராமத்திலிருந்து, பெட்டியைத் தூக்கிக்கொண்டு அதே ரயிலில் ஏறும் பெண் செய்வது கலகம். பாட்னாவில் 2002-ல் ஆனந்த் குமார் தொடங்கிய 'சூப்பர் 30' பயிற்சிக்கு வந்த ஏழை வீட்டுப் பிள்ளைகளுக்கும், தலைமுறையாகப் பள்ளிப் பக்கமே போகாத குடும்பங்களின் முதல் பட்டதாரிகளுக்கும், அந்த நுழைவுத் தேர்வு தங்கள் ஊர் தங்களுக்கு ஒதுக்கிவைத்த இடத்தை மறுக்கும் கருவி. அவர்களிடம் போய், 'கூட்டத்தைப் பின்பற்றாதே' என்று சொல்வது கொடூரமான நகைச்சுவை. ஒரே செயல் ஒருவருக்குப் பணிவு, இன்னொருவருக்குத் துணிவு. வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு வித்தியாசம் தெரியாது. உள்ளே இருப்பவருக்குத் தெரியும்.

எனவே, வரிசையில் நிற்பதா விலகுவதா என்பதைவிட முக்கியமான கேள்வி ஒன்று இருக்கிறது. வரிசையிலிருந்து விலக நேர்ந்தால், அல்லது விலக்கப்பட்டால், அந்தப் பிள்ளை தன் கண்ணிலேயே தாழ்ந்துபோகாமல் வீட்டுக்குத் திரும்பிவர முடியுமா? தன்மதிப்பை அளக்க இன்றும் உலகெங்கும் பயன்படும் பத்து வாக்கியப் பட்டியலை 1965-ல் உருவாக்கியவர் மாரிஸ் ரோஸன்பர்க். நியூயார்க் மாநிலத்தின் 5,000-க்கும் மேற்பட்ட பள்ளி மாணவர்களை ஆராய்ந்தவர் அவர். தன்மதிப்பு என்பதை, மற்றவர்களைவிட உயர்ந்தவன் என்ற எண்ணமாக அவர் கருதவில்லை. நானும் போதுமான அளவுக்கு நல்லவன், மதிப்புள்ளவன் என்று நினைக்க முடிந்தால் போதும் என்றார். இந்தப் 'போதும்' என்ற சொல்லைத்தான் நம் வீடுகளில் சாப்பாட்டுப் பந்தியைத் தவிர வேறெங்கும் கேட்க முடிவதில்லை.

ஆஷின் சோதனைக்கே திரும்பினால், அதில் இரண்டு நல்ல செய்திகள் உண்டு. ஒன்று, உரக்கச் சொல்வதற்குப் பதிலாகத் தனியாகக் காகிதத்தில் எழுதித் தரச் சொன்னபோது, தப்பான பதில்கள் வெகுவாகக் குறைந்துவிட்டன. மாமா, சித்தப்பா, பக்கத்து வீட்டுக்காரர் எல்லோரும் உட்கார்ந்திருக்கும் கூடத்தில், "நீ என்ன படிக்கப்போறே?" என்று கேட்டால் பிள்ளை என்ன சொல்லும் என்பது முன்பே தெரிந்ததுதான். அதே கேள்வியைத் தனியாக, அவசரமில்லாமல், பதில் எதுவாக இருந்தாலும் கோபப்படமாட்டேன் என்ற உத்தரவாதத்தோடு கேட்கும் பெற்றோருக்கு வேறு பதில் கிடைக்கலாம். கோட்டாவுக்குப் போன பிறகும் மாதம் ஒரு தடவை கேட்கலாம். போனில் மதிப்பெண்ணை விசாரிப்பதற்கு முன்னால் கேட்டால் இன்னும் நல்லது.

இரண்டாவது செய்தி இன்னும் பெரியது. கூட்டத்தில் ஒரே ஒருவர் உண்மையைச் சொன்னால் போதும். மற்ற அத்தனை பேரும் தப்பாகச் சொன்னாலும், ஒரு துணை கிடைத்ததும், பணிந்துபோவது கால்வாசியாகக் குறைந்தது. அந்தத் துணை பாதியில் எதிரணிக்குத் தாவியபோது, பரிசோதனை நபர் மறுபடியும் பழையபடி கூட்டத்துக்குப் பணிய ஆரம்பித்தார். வேறு வேலை இருப்பதாகச் சொல்லிக்கொண்டு அவர் அறையை விட்டுப் போனபோது மட்டும் அவர் தந்த தைரியம் ஓரளவு தங்கியது. கைவிட்டுப் போகிற துணைக்கும், விடைபெற்றுப் போகிற துணைக்கும் உள்ள வித்தியாசம் இது. விடுதியில் தனியாக இருக்கும் பிள்ளைக்கு, நானூறு மைல் தள்ளி இருக்கும் ஒருவரின் வார்த்தை போதும், அவர் நடுவில் கட்சி மாறமாட்டார் என்று நிச்சயமாகத் தெரிந்தால். வீட்டில் அப்படி ஒருவரும் இல்லாத பிள்ளைகளுக்காக, மத்திய அரசு 2022-ல் தொடங்கிய 'டெலி மானஸ்' தொலைபேசிச் சேவை இருக்கிறது. எண் 14416. இரவிலும் பேசலாம், தமிழிலும் பேசலாம்.

துணைக்கு நிற்பவர் மேதையாக இருக்க வேண்டுமா? 1971-ல் வெர்னன் ஆலன், ஜான் லெவைன் என்ற இருவர் அதையும் சோதித்துப் பார்த்தார்கள். பார்வை பற்றிய ஒரு சோதனையில், பரிசோதனை நபருக்குத் துணையாகத் தடித்த கண்ணாடி போட்ட ஒருவரை உட்காரவைத்தார்கள். அவருக்குக் கண் சரியாகத் தெரியாது என்பது எல்லோருக்கும் தெரியும்படி ஏற்பாடு. நல்ல பார்வை உள்ள துணை அளவுக்கு அவர் உதவவில்லை. ஆனால் துணையே இல்லாததைவிட அவர் எவ்வளவோ மேலாக இருந்தார்.

ஐ.ஐ.டி. என்றால் என்ன, எத்தனையாவது ரேங்க் என்றால் நல்லது என்பதெல்லாம் எதுவுமே தெரியாத பாட்டிகள் பல வீடுகளில் இருக்கிறார்கள். "அந்தப் பரீட்சை வராட்டிப் போகுது, பிள்ளை இளைச்சுப்போயிட்டான், ரெண்டு நாள் வந்துட்டுப் போகச் சொல்லு" என்று போனைப் பிடுங்கிப் பேசுவார்கள். விவரம் தெரியாமல் பேசுவதாக அவர்களிடமிருந்து போனைத் திரும்ப வாங்கிவிடுவது வழக்கம். வாங்காமல் இருக்கலாம்.